எழுதப்பட்ட இசை – அலிநகி வசீரி

நுழையும்முன்

ஓர் இசைமரபு பாடுவோரின் நெஞ்சிலும் கேட்போரின் செவியிலும் மட்டுமே வாழும்போது, அதனைக் காத்து நிற்போர் ஒரு சிலரே. அவர்கள் மறைந்தால் இசையும் உடன் மறையும். எழுதி வைத்தால் அழிவிலிருந்து தப்பும்; எனினும் எழுத்தில் அடங்காத நுட்பங்கள் நழுவிப் போகக்கூடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக இசை இத்தகைய இக்கட்டில் நின்றது. அதனை ஏட்டில் ஏற்றவும், உலக இசைகளுக்கு நிகராக அரங்கில் நிறுத்தவும் முயன்றவர் ஈரானிய இசைமேதை அலிநகி வசீரி.

தாயின் வழி

அலிநகி வசீரி 1887ஆம் ஆண்டு ஈரானின் தலைநகர் தெஹ்ரானில் பிறந்தார். தந்தை மூசா கான், படைத்துறை அலுவலர். தாய் பீபி கானும் அஸ்தராபாதி, ஈரானியப் பெண்ணுரிமை வரலாற்றில் முன்வரிசையில் வைத்துப் போற்றப்படுபவர். பெண்களின் இயல்பைப் பழித்து எழுதப்பட்ட நூல் ஒன்றுக்கு மறுப்பாக, ஆடவரின் குறைகளை எடுத்துரைக்கும் நூலொன்றை அவர் 1894ஆம் ஆண்டில் இயற்றினார். 1907ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே சிறுமியருக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பழமைவாதிகளின் கடும் எதிர்ப்பால் அப்பள்ளி சிறிது காலம் மூடப்பட்டதும், அவர் மனந்தளராது மீண்டும் அதனைத் திறந்ததும் வரலாறு.

ஊரார் ஏற்காத ஒன்றை ஊராரின் நன்மைக்காகவே செய்யலாம் என்னும் பாடத்தை வசீரி தம் வீட்டிலேயே கற்றார். பின்னாளில் அவர் தேர்ந்துகொண்ட துறைக்கு அத்துணிவு பெரிதும் வேண்டியிருந்தது.

அந்நாளைய ஈரானில் இசைக்கலைஞர் நிலை இரங்கத்தக்கது. அரண்மனையிலும் செல்வர் மாளிகையிலும் விருந்தினரை மகிழ்விக்கும் பணியாளராகவே அவர்கள் கருதப்பட்டனர். சமயப் பெரியோர் பலர் இசையை ஏற்கவில்லை. இசைக்கருவியை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டிய நிலையும் இருந்தது. கேட்கும்போது வியந்து போற்றிய அதே சமூகம், இசை முடிந்த பின் கலைஞரைத் தாழ்த்தி வைத்தது. உயர்குடியில் பிறந்து படைத்துறையில் பதவி வகிக்கும் ஒருவர் இசையை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வது எண்ணிப் பார்க்கவும் இயலாத செயலாக இருந்தது.

செவிவழிச் செல்வம்

வசீரி பதினைந்து வயதளவில் தம் தாய்மாமனிடம் தார் என்னும் நரம்புக்கருவியைக் கற்கத் தொடங்கினார். தார், முசுக்கொட்டை மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. ஒன்றையொன்று ஒட்டிய இரு கிண்ணங்கள் போன்ற அதன் உடற்பகுதியின்மீது ஆட்டுக்குட்டியின் மெல்லிய தோல் போர்த்தப்பட்டிருக்கும். நீண்ட கழுத்தில் நரம்பினாலான கட்டுகள் சுற்றப்பட்டிருக்கும். இக்கட்டுகளை இசைப்பவர் தம் தேவைக்கேற்பச் சற்றே நகர்த்திக்கொள்ளலாம். பாரசீக இசையின் நுண்ணிய சுர வேறுபாடுகளுக்கு இவ்வசதி இன்றியமையாதது.

குடும்ப வழக்கப்படி வசீரி இளமையிலேயே படையில் சேர்ந்தார். பிற்காலத்தில் கர்னல் வசீரி என்றே மக்கள் அவரை அழைத்தனர். ஈரானியப் படைப்பிரிவுகளில் மேலைநாட்டு ஊதுகருவி இசைக்குழுக்கள் இருந்தன. 1868ஆம் ஆண்டில் ஈரானுக்கு வந்த ஆல்ஃபிரெட் லெமேர் என்னும் பிரெஞ்சுக்காரர் அக்குழுக்களைப் பயிற்றுவித்து, மேலைநாட்டு இசைக்குறியீட்டையும் அறிமுகப்படுத்தியிருந்தார். படைத்துறை வாழ்வு வசீரிக்கு அக்குறியீட்டின் அரிச்சுவடியை அளித்தது. பின்னர்த் தெஹ்ரானில் இருந்த பிரெஞ்சுக் கிறித்தவப் பாதிரியார் ஒருவரிடம் வயலினும் மேலைநாட்டு இசையிலக்கணமும் பயின்றார்.

ஐந்து கோடுகளின்மீது புள்ளியிட்டு எழுதப்பட்ட ஓர் இசையை, அதனை முன்பின் கேட்டறியாத ஒருவரும் படித்து வாசிக்கிறார் என்பது வசீரியின் சிந்தனையைத் தூண்டியது. பாரசீக இசைக்கு அத்தகைய எழுத்து வழக்கில் இல்லை. அதன் செல்வம் முழுவதும் ரதீஃப் என்னும் பெருந்தொகுப்பாக ஆசிரியரின் நினைவில் இருந்தது. தஸ்த்கா எனப்படும் ஏழு பெரும் பண்முறைகளும், அவற்றுள் அடங்கும் கூஷே என்னும் நூற்றுக்கணக்கான சிறு இசைக்கூறுகளும் சேர்ந்ததே ரதீஃப். ஆசிரியர் ஒரு கூறினை வாசிப்பார். மாணவர் கேட்டுத் திருப்பி வாசிப்பார். பல்லாண்டு இவ்வாறு பயின்ற பிறகே ஒருவர் முழுத்தொகுப்பையும் நெஞ்சில் நிறுத்த இயலும். நெஞ்சிலிருந்து நெஞ்சுக்கு என்றே பாரசீகத்தார் இம்முறையைக் குறிப்பிட்டனர். தாம் அறிந்த அரிய கூறுகளைப் பிறருக்குக் கற்பிக்காது மறைத்து வைத்த ஆசிரியர்களும் இருந்தனர்.

அக்காலத்தில் ரதீஃபின் தலைசிறந்த காவலர்களாக மிர்சா அப்துல்லா, ஹுசைன் கோலி என்னும் உடன்பிறந்தார் இருவர் விளங்கினர். வசீரி அவர்களை அணுகி, அவர்கள் வாசித்தவற்றைக் கேட்டு மேலைநாட்டுக் குறியீட்டில் எழுதத் தொடங்கினார். கேட்பதும், நிறுத்துவதும், எழுதுவதும், மீண்டும் வாசிக்கச் சொல்லி ஒப்பிடுவதுமாக நீண்ட பணி அது. மிர்சா அப்துல்லா 1918ஆம் ஆண்டில் மறைந்தார் என்பதை எண்ணும்போது, அம்முயற்சி எத்துணைக் காலமறிந்து செய்யப்பட்டது என்பது விளங்கும்.

ஐரோப்பாவில் ஐந்து ஆண்டுகள்

எழுத எழுத ஓர் உண்மை வசீரிக்குத் தெளிவாயிற்று. மேலைநாட்டு இசையிலக்கணத்தை அரைகுறையாக அறிந்த ஒருவரால் தம் நாட்டு இசைக்குப் புதிய இலக்கணம் வகுக்க இயலாது. முதல் உலகப்போர் முடிவுற்ற 1918ஆம் ஆண்டில் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. படையில் பெற்ற பதவியை விட்டுவிட்டு மாணவராக அமர்ந்தார். பாரிஸ் நகரில் மூன்றாண்டுகளும் பெர்லினில் இரண்டாண்டுகளும் தங்கி, பியானோ, வயலின், குரலிசை, ஒத்திசை ஆகியவற்றைக் கற்றார்.

ஒத்திசை என்பது ஒரே நேரத்தில் பல சுரங்களை இணைத்து ஒலிக்கச் செய்யும் முறை. பாரசீக இசையோ ஒற்றை இழையாகச் செல்வது. ஒரு பண்ணின் நெளிவும் குழைவும் ஓரிழையில் வெளிப்படுவதே அதன் அழகு. மேலைநாட்டுப் பல்லிய இசையின் கம்பீரத்தைக் கேட்ட வசீரி, அதனை அப்படியே தம் நாட்டிற்குக் கொண்டுசெல்ல விரும்பவில்லை. பாரசீகப் பண்களுக்கே உரிய ஒத்திசையை உருவாக்கவும், பாரசீகக் கருவிகளைக் கொண்டே பல்லியம் அமைக்கவும் விரும்பினார். தார் கருவியைக் கற்பிக்கும் நூல் ஒன்றை எழுதிப் பெர்லினில் அச்சேற்றினார். அதுவரை ஆசிரியரின் விரல்களைப் பார்த்தே கற்கப்பட்ட ஒரு கருவிக்கு, குறியீட்டுடன் கூடிய முறையான பாடநூல் கிடைத்தது.

அவர் ஐரோப்பாவில் இருந்தபோதே, 1921ஆம் ஆண்டில், தாய் பீபி கானும் இயற்கை எய்தினார். தாய் தொடங்கிய கல்விப் பணியை மகன் வேறொரு துறையில் தொடரவிருந்தார்.

தெஹ்ரானில் இசைப்பள்ளி

1923ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய வசீரி, அடுத்த ஆண்டே தெஹ்ரானில் ஓர் இசைப்பள்ளியை நிறுவினார். அது அரசின் பொருளுதவி பெறாத தனியார் பள்ளி. இசை கற்க விரும்புவோர் எக்குடியில் பிறந்திருந்தாலும் கட்டணம் செலுத்திச் சேரலாம். ஆசிரியரின் மனம் குளிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குறியீடு, இசையிலக்கணம், கருவிப்பயிற்சி, குழுவிசை என்று வகுத்துக் கற்பிக்கப்பட்டது.

பள்ளியோடு இணைந்து இசைக்கழகம் ஒன்றும் தோன்றியது. அங்கு வசீரியும் மாணவர்களும் மேடையில் அமர்ந்து இசைத்தனர். மக்கள் வரிசையாக அமர்ந்து அமைதியாகக் கேட்டனர். இது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றும். விருந்தின் ஆரவாரத்துக்கும் உணவுத் தட்டுகளின் ஓசைக்கும் நடுவே வாசித்துப் பழகிய ஈரானியக் கலைஞர்களுக்கோ அது பெரும் விடுதலை. இசையைப் பற்றியும் கலையைப் பற்றியும் வசீரி அங்கே சொற்பொழிவுகள் ஆற்றினார். கேட்போரும் பயிற்சி பெற வேண்டியவர்களே என்பது அவர் கொள்கை.

அதே 1924ஆம் ஆண்டில், கமர் என்னும் இளம் பாடகி தெஹ்ரானின் கிராண்ட் ஓட்டலில் முகத்திரையின்றி மேடையேறிப் பாடினார். ஆடவர் நிறைந்த பொது அரங்கில் ஒரு பெண் அவ்வாறு பாடுவது அந்நாளில் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடிய செயல். பின்னாளில் ஈரானியர் குடும்பப்பெயர் சூடும் வழக்கம் வந்தபோது, அப்பாடகி வசீரியின்மீது கொண்ட மதிப்பால் அவர் பெயரையே தம் குடும்பப்பெயராகக் கொண்டார். கமர் ஒல்மொலூக் வசீரி என்னும் பெயர் இன்றும் ஈரானில் புகழோடு விளங்குகிறது.

கோரோனும் சோரியும்

பாரசீகப் பண்களை எழுதுவதில் வசீரி எதிர்கொண்ட முதன்மையான தடை, சுரங்களின் இடைவெளி பற்றியது. பியானோவில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு அரைத்தொனிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையில் வேறு சுரம் கிடையாது. பாரசீகப் பண்களிலோ அவ்விரு கட்டைகளுக்கும் இடைப்பட்ட சுரங்கள் இன்றியமையாதன. அவற்றை அருகிலுள்ள கட்டைக்கு மாற்றி வாசித்தால் பண்ணின் உயிரே போய்விடும். மேலைநாட்டுக் குறியீட்டில் அச்சுரங்களுக்கு எழுத்து இல்லை.

இத்தடையை நீக்க வசீரி இரு புதிய குறிகளை உருவாக்கினார். ஒரு சுரத்தை ஏறத்தாழக் கால் தொனி தாழ்த்துவதற்குரிய குறி கோரோன். ஏறத்தாழக் கால் தொனி உயர்த்துவதற்குரிய குறி சோரி. இவற்றின் துணையால் பாரசீகப் பண்களை அவற்றின் தன்மை கெடாமல் தாளில் எழுதுவது இயல்வதாயிற்று.

அவர் அத்துடன் நிற்கவில்லை. ஒரு ஸ்தாயியைச் சமமான 24 கால் தொனிகளாகப் பகுக்கலாம் என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். பண்களுக்கு ஒத்திசை அமைக்க வேண்டுமானால் சுரங்களின் இடம் நிலையாக இருத்தல் வேண்டும் என அவர் கருதியதே அதற்குக் காரணம். மரபாக ஏழு என எண்ணப்பட்ட தஸ்த்காக்களையும் சுர அமைப்பின் அடிப்படையில் ஐந்தாக வகுத்தார். பல்லியத்தில் மெல்லொலியும் வல்லொலியும் அமைய வேண்டி, தார் கருவியையே சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளில் செய்வித்தார். தனித்த தாருக்கென அவர் இயற்றிய கழைக்கூத்தாடி முதலிய இசைப்படைப்புகள், அக்கருவியில் அதுவரை எவரும் முயலாத விரல் நுட்பங்களைக் கோருவன.

இரு பக்கத்து எதிர்ப்பு

வசீரியின் பணிக்கு இரு திசைகளிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. மரபைப் போற்றியோர், பாரசீக இசையை மேலைநாட்டு அளவுகோலால் அளப்பது அதனைச் சிதைக்கும் என்றனர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பாரசீகச் சுரங்களின் இடைவெளி எல்லாப் பண்களிலும் ஒரே அளவினது அன்று. அது பண்ணுக்குப் பண் வேறுபடும். கலைஞருக்குக் கலைஞரும் சிறிது மாறுபடும். பிற்காலத்தில் இவ்விசையை ஆராய்ந்த ஹோர்மோஸ் ஃபர்ஹாத் போன்ற அறிஞர்கள், 24 சமபகுப்பு என்னும் கோட்பாடு நடைமுறை இசைக்குப் பொருந்தாது என்றே முடிவு செய்தனர்.

மறுபுறம், மேலைநாட்டு நாகரிகமே முன்னேற்றம் என்று நம்பியோர், பாரசீக இசையே தேவையில்லை என்றனர். அது சோகத்தில் தோய்ந்தது, காலத்துக்கு ஒவ்வாதது என்பது அவர்கள் கருத்து. 1925ஆம் ஆண்டில் அரியணைக்கு உரியவரான ரேசா ஷா பகலவியின் ஆட்சி, நாட்டை விரைந்து மேலைமயமாக்க முனைந்து நின்றது. முன்னவர்க்கு வசீரி மரபை மீறியவர். பின்னவர்க்கு மரபை விடாதவர்.

1928ஆம் ஆண்டில் லெமேரின் வழிவந்த அரசு இசைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பு வசீரியிடம் ஒப்படைக்கப்பட்டது. படை இசைக்கென இருந்த அப்பள்ளியில் பாரசீக இசையையும் மேலைநாட்டு இசையையும் ஒருசேரக் கற்பிக்கலானார். எனினும் 1934ஆம் ஆண்டில் அவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அவருக்குப்பின் தலைமை ஏற்ற குலாம் ஹுசைன் மின்பாஷியான் காலத்தில் பாரசீக இசை பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. ஈரான் நாட்டின் அரசு இசைப்பள்ளியில் ஈரானிய இசைக்கு இடமில்லை என்னும் நிலை உருவாயிற்று. பத்தாண்டு உழைப்பு கண்ணெதிரே கலைந்துபோவதை வசீரி காண நேர்ந்தது.

மீள்வருகையும் ஒதுங்கலும்

1941ஆம் ஆண்டில் பிரிட்டிஷ், சோவியத்துப் படைகள் ஈரானுக்குள் நுழைந்தன. ரேசா ஷா அரியணை துறந்தார். ஆட்சி மாறியதும் வசீரி மீண்டும் இசைப்பள்ளிக்கு அழைக்கப்பட்டார். வானொலியின் இசைப்பிரிவும் அவர் பொறுப்பில் வந்தது. தெஹ்ரான் வானொலி அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்தது. அரங்கிற்கு வர இயலாதோரின் வீடுகளுக்கும் இசை செல்லும் வழி திறந்தது.

அந்த வாய்ப்பும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1946ஆம் ஆண்டில் பள்ளியின் தலைமை மேலைநாட்டு இசையில் தேர்ந்த பர்வீஸ் மஹ்மூதிடம் சென்றது. பாரசீக இசை மீண்டும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. வசீரி இசை நிருவாகத்திலிருந்து ஒதுங்கினார். தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் அழகியலும் கலை வரலாறும் கற்பிக்கும் பேராசிரியராகப் பணியாற்றினார்.

மாணவர் வழி வாழ்வு

வசீரியின் பள்ளி தோன்றிய காலத்திலேயே அங்குச் சேர்ந்த இருவர் அவர் கனவைச் சுமந்து சென்றனர். ஒருவர் அபோல்ஹசன் சபா. வயலின் என்னும் அயல்நாட்டுக் கருவியில் பாரசீகப் பண்களை அவற்றின் குழைவோடு வாசிக்கும் முறையை வகுத்தவர் அவர். வசீரியின் பள்ளி சார்பாக ரஷ்த் நகருக்குச் சென்று இசைப்பள்ளி அமைத்தார். சபா எழுதிய பயிற்சி நூல்கள் இன்றும் ஈரானில் கற்கப்படுகின்றன.

மற்றொருவர் ருஹொல்லா காலெகி. 1944ஆம் ஆண்டில் ஈரானிய மக்கள் தம் நாட்டுப்பண் போலப் போற்றும் ஏய் ஈரான் என்னும் பாடலுக்கு இசையமைத்தவர். 1949ஆம் ஆண்டில் தேசிய இசைப்பள்ளியைத் தொடங்கி, பாரசீக இசைக்கு மறுக்கப்பட்ட இடத்தை மீட்டளித்தார். ஈரானிய இசையின் வரலாற்றை எழுதி, அதன் பெரும்பகுதியைத் தம் ஆசிரியரின் வாழ்வுக்கும் பணிக்கும் ஒதுக்கினார். வசீரியைப் பற்றி இன்று நாம் அறிவனவற்றுள் பலவும் அம்மாணவரின் எழுத்தால் கிடைத்தவை.

சபா 1957ஆம் ஆண்டிலும் காலெகி 1965ஆம் ஆண்டிலும் காலமாயினர். தம் மாணவர் இருவரின் மறைவையும் கண்ட பின்னரும் வசீரி நெடுநாள் வாழ்ந்தார். ஈரானில் புரட்சி நிகழ்ந்து முடியாட்சி வீழ்ந்த 1979ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்களில், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் தெஹ்ரானில் இயற்கை எய்தினார்.

நிலைத்தது எது?

வசீரியின் முயற்சிகள் யாவும் வென்றன என்று கூற இயலாது. 24 சமபகுப்புக் கோட்பாடு கைவிடப்பட்டது. தஸ்த்காக்கள் ஐந்து என்னும் அவர்தம் வகுப்பைப் பலர் ஏற்கவில்லை. மரபுவழி ஏழே இன்றும் பயிலப்படுகின்றன. ஆயினும் கோட்பாட்டுக்குத் துணையாக அவர் உருவாக்கிய கோரோன், சோரி என்னும் இரு குறிகளும் நிலைத்துவிட்டன. இன்று பாரசீக இசையைக் குறியீட்டில் எழுதுவோர், அவர் கருத்தை மறுப்போர் உட்பட, அக்குறிகளையே கையாளுகின்றனர். ஒருவரை மறுப்பதற்கும் அவர் அளித்த எழுத்தே தேவைப்படுகிறது என்பது அறிவுலகில் ஒருவர் பெறும் பெருஞ்சிறப்பாகும்.

இசைக்கருவியை மேலாடைக்குள் மறைத்துச் சென்ற காலம் ஒன்று ஈரானில் இருந்தது. அக்கருவியை வெளிப்படையாகக் கையில் ஏந்திப் பள்ளிக்குச் செல்லும் மாணவர்களை அந்நாட்டுத் தெருக்களில் நடக்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் அலிநகி வசீரி. பிறரிடம் கற்பதால் நம்முடையது குறைந்துவிடுமோ என்னும் அச்சமும், நம்முடையதைப் பேணினால் காலத்தில் பின்தங்கிவிடுவோமோ என்னும் அச்சமும் ஒவ்வொரு மரபையும் வருத்துவன. அவ்விரு அச்சங்களுக்கும் நடுவே ஒரு வழியைத் தேடி நடந்தது அவர் வாழ்க்கை. அவ்வழியில் அவர் தடுமாறிய இடங்களும் உண்டு. பின்வந்தோர் அத்தடுமாற்றங்களையும் கண்டு திருத்திக்கொண்டு மேலே சென்றனர்.